நூறு நாள் காவல்: எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்குப் பிறகு பிழைக்கக் கற்ற வரலாறு

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை என்றதும் பலருடைய மனதில் வருவது ஒரு பெரிய ஆபரேஷன் தியேட்டர், பச்சை உடை அணிந்த டாக்டர்கள், கத்தி, ரத்தம்... ஆனால் நோயாளியைப் பொறுத்தவரை மாற்றம் நடக்கும் அந்த நாளில் கத்திக்கே வேலை இல்லை. ரத்தம் ஏற்றுவது போல ஒரு பையைத் தொங்கவிடுகிறார்கள். அதிலிருக்கும் சிவப்புத் திரவம் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக நரம்புக்குள் இறங்குகிறது. சில மணி நேரத்தில் பை காலி. நோயாளி பெரும்பாலும் விழித்தபடியே படுத்திருப்பார். அவ்வளவுதான்!

அப்படியானால் இதில் என்ன கஷ்டம்? கஷ்டமெல்லாம் பை காலியான பிறகுதான் ஆரம்பிக்கிறது. இந்தச் சிகிச்சையின் வரலாற்றைப் புரட்டினால் ஓர் உண்மை தெரியும். மஜ்ஜையை எடுக்கவும் ஏற்றவும் மனிதன் சீக்கிரமே கற்றுக்கொண்டான். ஏற்றிய பிறகு நோயாளியை உயிரோடு வைத்திருக்கத்தான் பல பத்தாண்டுகள் ஆயின. இன்று மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகும் நோயாளியின் கையில் ஒரு நீண்ட பட்டியலைக் கொடுக்கிறார்கள். கை கழுவு, கூட்டத்துக்குப் போகாதே, தோட்ட மண்ணைத் தொடாதே, காய்ச்சல் வந்தால் உடனே ஓடி வா என்று பல விதிகள். பார்ப்பதற்குப் பாட்டி சொல்லும் பத்தியம் போல இருக்கும். ஆனால் அதன் பல வரிகளுக்குப் பின்னால் பிழைக்காமல் போன சிலருடைய கதை இருக்கிறது.

மஜ்ஜை என்னும் தொழிற்சாலை

எலும்புக்குள் இருக்கும் மென்மையான பகுதிதான் மஜ்ஜை. உடலின் சிவப்பணு, வெள்ளையணு, ரத்தத்தட்டு மூன்றும் அங்கேதான் உற்பத்தியாகின்றன. மூன்றுக்கும் மூலம் ஸ்டெம் செல் என்ற தாய் அணு. ரத்தப் புற்றுநோய், தலசீமியா, ஏபிளாஸ்டிக் அனீமியா போன்ற நோய்களில் இந்தத் தொழிற்சாலையே கெட்டுப்போகிறது. அப்போது கடுமையான மருந்துகளாலும் சில சமயம் கதிர்வீச்சாலும் பழைய மஜ்ஜையை அழித்துவிட்டு, இன்னொருவரின் ஆரோக்கியமான ஸ்டெம் செல்களை ஏற்றுகிறார்கள். ரத்தத்தில் போய்ச் சேரும் அந்த அணுக்கள் தாமாகவே வழி தேடி எலும்புக்குள் குடியேறுகின்றன.

குடியேறி வேலையைத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை உடலில் எதிர்ப்பு சக்தி கிட்டத்தட்டப் பூஜ்யம். பழைய காவல்காரன் போய்விட்டான், புதிய காவல்காரன் இன்னும் வந்து சேரவில்லை. கதவோ திறந்து கிடக்கிறது! அந்த இடைவெளியில் நடந்தவைதான் இந்த வரலாறு.

அணுகுண்டு எழுப்பிய கேள்வி

1945ஆம் ஆண்டு ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டுவீச்சில் தப்பிய பலர் சில வாரங்கள் கழித்து இறந்தார்கள். கதிர்வீச்சு அவர்களுடைய மஜ்ஜையை அழித்திருந்தது. ரத்தக் கசிவும் தொற்றும் அவர்களைக் கொன்றன. கதிர்வீச்சுக்கு ஆளானவரைக் காப்பாற்ற வழி உண்டா என்ற கேள்வி போருக்குப் பிறகு ஆய்வுக்கூடங்களுக்குள் நுழைந்தது.

1949-ல் அமெரிக்காவில் லியோன் ஜேக்கப்சன் ஒரு சோதனை செய்தார். எலியின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மூடிவிட்டு, உயிரைக் கொல்லும் அளவு கதிர்வீச்சைச் செலுத்தினார். எலி பிழைத்தது. 1951-ல் ஈகான் லோரன்ஸ் குழுவினர் கதிர்வீச்சுக்குப் பிறகு மஜ்ஜையை ஊசி மூலம் செலுத்தினாலே எலி பிழைக்கும் என்று காட்டினார்கள். மஜ்ஜையில் உள்ள ஏதோ ஒரு ரசாயனம்தான் காரணம் என்று முதலில் சிலர் நினைத்தார்கள். 1950களின் நடுவில்தான், குடியேறிய அணுக்களே புது ரத்தத்தை உண்டாக்குகின்றன என்பது உறுதியானது.

எலிக்கு முடிந்தது மனிதனுக்கு முடியாதா?

ஆறு பேர், நூறு நாள்

நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூர் மருத்துவமனையில் டொனால் தாமஸ் என்ற மருத்துவர் வேலை பார்த்தார். கதிர்வீச்சோ மருந்தோ கொடுத்த பிறகு 6 நோயாளிகளுக்குப் பிறருடைய மஜ்ஜையை ஏற்றிய அனுபவத்தை 1957-ல் வெளியிட்டார். மஜ்ஜையை நரம்பு வழியாக ஏற்றலாம், அதனால் உடனடி ஆபத்து இல்லை என்பது நிரூபணமானது. ஆனால் ஆறு பேரில் ஒருவர் கூட 100 நாளைத் தாண்டி உயிரோடு இருக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1958 அக்டோபரில், யூகோஸ்லாவியாவின் வின்சா அணு உலையில் ஒரு விபத்து. இளம் ஆய்வாளர்கள் 6 பேர் கதிர்வீச்சுக்கு ஆளாகிப் பாரிஸுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அங்கே ஜார்ஜ் மத்தே ஐந்து பேருக்குப் பிரெஞ்சுக் கொடையாளிகளின் மஜ்ஜையை ஏற்றினார். முன்பின் தெரியாத வெளிநாட்டவருக்காக வலியைத் தாங்கி மஜ்ஜை கொடுத்தவர்கள் அவர்கள்! ஐவரில் நால்வர் பிழைத்தார்கள். உலகமே பாராட்டியது. ஆனால் அவர்களுடைய சொந்த மஜ்ஜை மெல்ல மீண்டதே பிழைத்ததற்கு முக்கியக் காரணம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கருதினார்கள்.

இதே மத்தே 1963-ல் ஒரு ரத்தப் புற்றுநோயாளியிடம் பிறருடைய மஜ்ஜை உண்மையாகவே வேர் பிடித்ததைக் காட்டினார். அந்த நோயாளி 20 மாதங்கள் வாழ்ந்தார். அவரைக் கொண்டுபோனது திரும்பி வந்த புற்றுநோய் அல்ல. மாற்றத்துக்குப் பின் வந்த சிக்கல்கள்தான். சிகிச்சை வென்றது, மீட்சி தோற்றது என்று சொல்லலாம்.

ஒண்ட வந்த பிடாரி

சாதாரணமாக உறுப்பு மாற்றத்தில் உடல் புதிய உறுப்பை எதிரியாக நினைத்து விரட்டும். மஜ்ஜை மாற்றத்தில் இதற்கு நேர்மாறான இன்னொரு ஆபத்தும் உண்டு. மஜ்ஜையோடு சேர்ந்து வருவது கொடையாளியின் எதிர்ப்பு சக்தி. அது புதிய உடலைப் பார்த்து "இது யாருடைய வீடு?" என்று சண்டைக்கு நிற்கும். தோல், குடல், கல்லீரல் மூன்றையும் முதலில் தாக்கும். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்களே, அதே கதைதான். மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக ஜிவிஹெச்டி என்கிறார்கள்.

1950களிலும் 60களிலும் உலகம் முழுவதும் சுமார் 200 பேருக்கு மஜ்ஜை ஏற்றிப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட எல்லாமே தோல்வி. ஒன்று மஜ்ஜை வேர் பிடிக்கவில்லை, அல்லது பிடித்த மஜ்ஜையே ஆளைத் தாக்கியது, அல்லது தொற்று வந்தது. "இது மனிதனுக்கு ஒத்துவராது" என்று பலர் விலகிவிட்டார்கள்.

தாமஸ் விலகவில்லை. நோயாளிகளை விட்டுவிட்டு நாய்களிடம் திரும்பினார். ஏன் நாய்? ஒரே வயிற்றில் பிறந்த பல குட்டிகள் கிடைக்கும். திசு பொருந்தும் குட்டி, பொருந்தாத குட்டி என்று பிரித்துப் பார்க்கலாம். 1963-ல் சியாட்டிலுக்குக் குடிபெயர்ந்த பிறகு, ரெய்னர் ஸ்டோர்ப் முதலியவர்களோடு சேர்ந்து இரண்டு விஷயங்களை உறுதி செய்தார். திசு பொருந்தினால் ஆபத்து வெகுவாகக் குறையும். மாற்றத்துக்குப் பிறகு மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தைச் சிறிய அளவில் கொடுத்தால் வந்த அணுக்களின் ஆவேசம் அடங்கும்.

மனிதர்களின் திசுப் பொருத்தத்துக்கு அடித்தளம் போட்டவர் பிரான்சின் ஜான் டோசே. ஹெச்எல்ஏ எனப்படும் திசு அடையாளங்களில் முதலாவதை 1958-ல் கண்டறிந்தார். 1980-ல் நோபல் பரிசு பெற்றார். உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 1968-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ராபர்ட் குட் குழுவினர், பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி இல்லாத ஒரு குழந்தைக்கு அதன் அக்காவின் மஜ்ஜையை ஏற்றினார்கள். குழந்தை பிழைத்து, வளர்ந்து பெரியவனானான். கதவு மறுபடி திறந்தது.

நூறில் பதின்மூன்று

1970களில் சியாட்டில் குழு மீண்டும் மனிதர்களுக்குச் சிகிச்சை செய்யத் தொடங்கியது. வந்தவர்கள் வேறு எந்த மருந்துக்கும் அடங்காத ரத்தப் புற்றுநோயாளிகள். 1977-ல் அவர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 100 நோயாளிகளில் 13 பேர் நோயின்றி உயிரோடு இருந்தார்கள்.

பதின்மூன்றுதானா என்று தோன்றும். ஆனால் அந்தப் பதின்மூன்று பேரும் கைவிடப்பட்டவர்கள். அதைவிட முக்கியம் மீதி 87 பேரின் கணக்கையும் குழு மறைக்காமல் எழுதியது. யார், எத்தனையாவது நாளில், எதனால் இறந்தார் என்று எழுதி வைத்தார்கள். சிலருக்குப் புற்றுநோய் திரும்பியது. மற்றவர்களைக் கொன்றது ஜிவிஹெச்டியும், நுரையீரல் தொற்றும், பூஞ்சையும், வைரஸும். இப்படிப்பட்ட பதிவுகளிலிருந்துதான் மீட்சியின் கால அட்டவணை உருவானது.

முதல் மாதம், வெள்ளையணு இல்லாத காலம். பாக்டீரியாவும் பூஞ்சையும் தாக்கும். இரண்டாவது, மூன்றாவது மாதம், அணுக்கள் வந்துவிட்டாலும் அனுபவம் இல்லாத காலம். உடலுக்குள் பதுங்கியிருந்த வைரஸ்கள் எழும். அதற்குப் பிறகு நிமோனியாவும் அக்கியும் வரக்கூடிய நீண்ட காலம். எந்த எதிரி எப்போது வருவான் என்று தெரிந்தால்தானே காவல் போட முடியும்?

100-வது நாள் என்ற எல்லைக்கோடும் இப்படித்தான் பழக்கத்துக்கு வந்தது. அபாயம் மிகுந்த கட்டம் பெரும்பாலும் அதற்குள் அடங்கும் என்பதால், அதுவரை நோயாளி மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டும் என்றார்கள். 1957-ல் யாருமே தாண்டாத அதே நூறு நாள்!

இந்த வரலாற்றில் ஒரு பெண்ணின் பெயரையும் சொல்ல வேண்டும். டொனால் தாமஸின் மனைவி டாட்டி தாமஸ். ஆய்வுக்கூடத்தில் ரத்தம் பார்ப்பதிலிருந்து ஆய்வுக் கட்டுரைகளைத் திருத்துவது வரை கணவரோடு சேர்ந்து உழைத்தவர். எலும்பு மஜ்ஜை மாற்றத்தின் தாய் என்றே அவரை அழைத்தார்கள். 1990-ல் தாமஸுக்கு, சிறுநீரக மாற்றத்தின் முன்னோடி ஜோசப் மர்ரேயுடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு சிறுவன்

தொற்றுதான் எதிரி என்றால் கிருமியே நுழையாத அறையில் வைத்துவிட்டால் என்ன? 1970களில் இந்த யோசனை வலுவாக இருந்தது. வடிகட்டிய காற்று ஒரே திசையில் வீசும் அறைகள் கட்டினார்கள். உணவைக் கிருமி நீக்கிக் கொடுத்தார்கள். புத்தகம், பொம்மை எல்லாமே சுத்திகரிக்கப்பட்டுத்தான் உள்ளே போகும். தொட வருபவர் கையுறையோடுதான் தொட வேண்டும். ஆய்வுகளில் தொற்று குறைந்தது உண்மை. ஆனால் ரத்தப் புற்றுநோயாளிகளின் ஆயுளில் எதிர்பார்த்த வித்தியாசம் தெரியவில்லை.

சுவர் மட்டும் போதாது என்பதை உலகத்துக்கு உணர்த்தியவன் டேவிட் வெட்டர். 1971-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் எதிர்ப்பு சக்தியே இல்லாமல் பிறந்த சிறுவன். பிறந்த கணத்திலிருந்து பிளாஸ்டிக் கூட்டுக்குள்ளேயே வளர்ந்தான். பத்திரிகைகள் அவனைக் குமிழிச் சிறுவன் என்றன. 12 வயதில், 1983-ல், அவனுக்கு அக்காவின் மஜ்ஜை ஏற்றப்பட்டது. அந்த மஜ்ஜையிலேயே எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் ஒளிந்திருந்தது. பெரும்பாலான மனிதர்களுடைய உடலில் தொந்தரவு இல்லாமல் தூங்கும் வைரஸ் அது. தடுக்க ஆளில்லாத டேவிட்டின் உடலில் அது புற்றுநோயை உண்டாக்கியது. 1984 பிப்ரவரியில் அவன் இறந்தான். அம்மா அவனைக் கையுறை இல்லாமல் தொட முடிந்தது அந்தக் கடைசி நாட்களில்தான்.

பன்னிரண்டு வருடம் எந்தக் கிருமியையும் உள்ளே விடாத கூட்டுக்குள், உயிர் கொடுக்க வந்த பையோடு சேர்ந்தே எதிரி வந்துவிட்டான். இனி உள்ளே இருப்பதையும் கண்காணிக்க வேண்டும் என்ற பாடம் அழுத்தமாகப் பதிந்தது.

ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு கதை

மாற்றம் முடிந்த நோயாளி தினமும் கைநிறைய மாத்திரை விழுங்குவார். எதற்கு இத்தனை என்று சலிப்பு வரும். அவை ஒவ்வொன்றாக எப்படி வந்தன என்று பார்த்தால் சலிப்பு குறையும்.

1966-ல் ஜெரால்ட் போடி குழுவினர், வெள்ளையணு குறையக் குறைய தொற்று எப்படிக் கூடுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 1971-ல் ஸ்டீபன் ஷிம்ப் என்ற மருத்துவர் குழு, எதிர்ப்பு சக்தி குன்றியவருக்குக் காய்ச்சல் வந்தால் எந்தக் கிருமி என்ற பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்று எழுதியது. காத்திருந்தவர்கள் முடிவு வருவதற்குள் இறந்துகொண்டிருந்தார்கள். வழக்கமாக 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) தாண்டினால் நள்ளிரவானாலும் மருத்துவமனையைக் கூப்பிடு என்ற இன்றைய விதியின் வேர் இதுதான். வீட்டில் காய்ச்சல் மாத்திரையைப் போட்டுச் சூட்டைத் தணித்துவிட்டு விடியும் வரை பார்க்கலாம் என்று இருப்பது ஆபத்து. சூடு மறையும், கிருமி மறையாது.

1977-ல் கோட்ரைமாக்சசோல் என்ற மலிவான மாத்திரை, நியூமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்றைத் தடுக்கும் என்று புற்றுநோய்க் குழந்தைகளிடம் நிரூபித்தார்கள். 1981-ல் அசைக்ளோவிர், ஹெர்பஸ் வைரஸைத் தடுக்கும் என்று மஜ்ஜை மாற்ற நோயாளிகளிடமே காட்டப்பட்டது. 1992-ல் ஃப்ளுகோனசோல், கேண்டிடா பூஞ்சைக்குத் தடுப்பாக வந்தது.

மிகப் பெரிய கொலையாளி சைட்டோமெகலோவைரஸ். சுருக்கமாகச் சிஎம்வி. அது நுரையீரலைத் தாக்கினால் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அந்த வைரஸ் இல்லாத நோயாளிக்கு, வைரஸ் இல்லாத ரத்தத்தையே ஏற்ற வேண்டும் என்று 1986-ல் தெரிந்தது. 1991-ல் கான்சிக்ளோவிர் மருந்தோடு ஒரு புது வழிமுறை வந்தது. நோய் வரும் வரை காத்திருக்காமல், பரிசோதனையில் வைரஸ் தலைகாட்டியதும் மருந்து கொடுப்பது. மாற்றம் முடிந்தவர்களுக்கு அடிக்கடி ரத்தம் எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2017-ல் லெட்டர்மோவிர் என்ற தடுப்பு மருந்தும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஜிவிஹெச்டிக்கு மருந்து வந்த வழி இன்னும் வேடிக்கையானது. நார்வே நாட்டு மண்ணிலிருந்து எடுத்த ஒரு பூஞ்சையில் கிடைத்தது சைக்ளோஸ்போரின். 1978-ல் லண்டனில் ரே பவுல்ஸ் குழுவினர் மஜ்ஜை மாற்ற நோயாளிகளிடம் இதைப் பயன்படுத்தினார்கள். 1986-ல் சியாட்டில் குழு, இதையும் பழைய மெத்தோட்ரெக்ஸேட்டையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடும் என்று நிரூபித்தது. பின்னாளில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், மாற்றத்துக்குப் பிறகு மூன்றாவது, நான்காவது நாளில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு கொடுத்து, சண்டைக்கு எழும் அணுக்களை மட்டும் வெட்டும் முறையை வளர்த்தார்கள். பாதிதான் பொருந்தும் அப்பா, அம்மா, பிள்ளை கூடக் கொடையாளி ஆகலாம் என்ற நிலை அதனால் பரவலானது. 2023-ல் வெளியான பெரிய ஆய்வும் இந்த முறைக்குச் சாதகமாக இருந்தது.

இந்த மாத்திரைகளில் அளவு தவறினால் இரண்டு பக்கமும் ஆபத்து. குறைந்தால் ஜிவிஹெச்டி, கூடினால் சிறுநீரகப் பாதிப்பு. கிரேப்ஃப்ரூட் பழச்சாறு சில மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்று 1989-ல் கனடாவில் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். சைக்ளோஸ்போரினும் அப்படிப்பட்ட மருந்துதான். அதனால் அந்தப் பழத்தையும், அதன் உறவான பம்பளிமாஸையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். "பழம்தானே, என்ன செய்துவிடும்?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். டாக்டரைக் கேட்காமல் நாட்டு மருந்து, கஷாயம் எதையும் சேர்க்கக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான்.

வீடு திரும்புதல்

மருத்துவமனையை விட்டு வெளியே வரவும் சில கண்டுபிடிப்புகள் தேவைப்பட்டன. 1979-ல் சியாட்டிலின் ராபர்ட் ஹிக்மன், மார்பு வழியாகப் பெரிய ரத்தக்குழாய்க்குள் பல மாதம் வைத்திருக்கக்கூடிய குழாயை மஜ்ஜை மாற்ற நோயாளிகளுக்காக மேம்படுத்தினார். தினமும் ஊசி குத்தி நரம்பு தேடும் வேதனை தீர்ந்தது. ஆனால் அந்தக் குழாயே கிருமி நுழையும் வாசலும் ஆகலாம். அதனால் அதைச் சுத்தம் செய்யும் முறையை நோயாளியின் வீட்டாருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். மனைவியும் அம்மாவும் அரைகுறை நர்ஸ் ஆனார்கள்.

வெள்ளையணுவை வேகமாக வளர்க்கும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி 1991-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதன் உதவியால் கொடையாளியின் கை நரம்பிலிருந்தே ஸ்டெம் செல்களைச் சேகரிக்கும் முறை 90களில் பரவியது. அப்படி ஏற்றிய அணுக்கள் சீக்கிரமாக வேர் பிடித்ததால் கதவு திறந்து கிடக்கும் நாட்களும் குறைந்தன.

2000-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையமும் இரண்டு மருத்துவச் சங்கங்களும் சேர்ந்து, மாற்றத்துக்குப் பிந்தைய தொற்றுத் தடுப்புக்கு முழுமையான வழிகாட்டுதலை வெளியிட்டன. சிதறிக் கிடந்த அனுபவங்கள் ஒரே இடத்தில் சேர்ந்தன. அதில் முதன்மையான ஆயுதம் எது தெரியுமா? விலை உயர்ந்த மருந்து அல்ல. கை கழுவுவது! 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் சொல்லி, அப்போது பலர் ஏற்க மறுத்த அதே விஷயம்.

தோட்ட வேலை வேண்டாம் என்பது ஏன்? அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை மண்ணிலும் மக்கிய இலையிலும் வாழ்கிறது. கட்டட வேலை நடக்கும் இடத்துத் தூசியிலும் பறக்கும். நம்மை ஒன்றும் செய்யாத அந்தத் தூசி, இவர்களின் நுரையீரலில் முளைத்துவிடும். வீட்டில் வெள்ளையடிப்பது, பழைய சுவரை இடிப்பது எல்லாம் நோயாளி திரும்புவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

தடுப்பூசி விஷயம் ஆச்சரியமானது. பழைய மஜ்ஜையோடு சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் நினைவும் பெரும்பாலும் அழிந்துபோகிறது. ஐம்பது வயதுக்காரரும் இந்த விஷயத்தில் கைக்குழந்தைதான். அதனால் மாற்றத்துக்குச் சில மாதங்களுக்குப் பிறகு தடுப்பூசிகளை மறுபடி முதலிலிருந்து போடுகிறார்கள். தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை மட்டும் குறைந்தது இரண்டு ஆண்டு கழித்து, ஜிவிஹெச்டியும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தும் இல்லை என்றால்தான் போடுவார்கள்.

எல்லா விதிகளும் நிலைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பச்சைக் காய், பழம் எதுவுமே கூடாது என்ற கடுமையான பத்தியம் நீண்ட காலம் இருந்தது. அதைச் சோதித்துப் பார்த்தபோது பெரிய பலன் தெரியவில்லை. 2023-ல் இத்தாலியில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வில், கட்டுப்பாடு தளர்ந்த உணவு சாப்பிட்டவர்களுக்குத் தொற்று கூடவில்லை. அதற்காக ரோட்டோரக் கடையில் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. நன்றாகக் கழுவியது, புதிதாகச் சமைத்தது, காய்ச்சிய தண்ணீர் என்ற அடிப்படை மாறவில்லை. பயத்தால் வந்த விதி போனது, ஆதாரத்தால் வந்த விதி நின்றது.

நம் நாட்டில்

இந்தியாவில் முதல் எலும்பு மஜ்ஜை மாற்றம் 1983-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது. 1986-ல் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் மேமன் சாண்டி தலைமையில் தொடங்கியது. தலசீமியாக் குழந்தைகளுக்கு அது பெரிய நம்பிக்கையானது.

மேலை நாட்டு வழிகாட்டுதலை அப்படியே இங்கே கொண்டுவந்தால் போதாது. இங்கே காசநோய் அதிகம். வெப்பமும் ஈரமும் உள்ள காற்றில் பூஞ்சை அதிகம். குடிநீரைக் காய்ச்சாமல் நம்ப முடியாது. இன்னொன்று நம்முடைய வழக்கம். உடம்பு சரியில்லை என்றால் சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு கூட்டமாக வந்து நலம் விசாரிப்பார்கள். குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சுவார்கள். "வராதீர்கள்" என்று சொன்னால் மனவருத்தம் வரும். ஆனால் மாற்றம் முடிந்தவரிடம் அன்பைக் காட்டும் வழி, சளி இருக்கும்போது தூர நின்று போனில் பேசுவதுதான்.

நூறு நாளுக்குப் பிறகு

நூறாவது நாளில் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. நாள்பட்ட ஜிவிஹெச்டி என்ற தனி நோயைச் சியாட்டில் மருத்துவர்கள் 1980 வாக்கில் விரிவாக விவரித்தார்கள். கண் வறளும், வாய் புண்ணாகும், தோல் இறுகும், மூச்சு குறையும். வெயில் பட்டால் இது கிளர்ந்தெழலாம் என்பதால்தான் முழுக்கைச் சட்டை, தொப்பி, குடை. கண்புரை, தைராய்டு குறைபாடு, எலும்புத் தேய்மானம், இரண்டாவது புற்றுநோய் போன்றவை ஆண்டுகள் கழித்தும் வரலாம். நீண்ட காலம் பிழைத்தவர்களுக்கு ஆண்டுதோறும் என்னென்ன பரிசோதனை தேவை என்று 2006-ல் சர்வதேசப் பரிந்துரைகள் வந்தன. பிழைத்தவர்கள் ஏராளமாக இருந்ததால்தானே அப்படி ஒரு பட்டியல் தேவைப்பட்டது?

2010-ல் சியாட்டில் குழு இன்னொரு கணக்கு வெளியிட்டது. 1993-97 காலத்தையும் 2003-07 காலத்தையும் ஒப்பிட்டார்கள். புற்றுநோய் திரும்பாமலே முதல் 200 நாளுக்குள் இறக்கும் அபாயம் 60 சதவீதம் குறைந்திருந்தது. ஒரே ஓர் அற்புத மருந்தால் வந்த மாற்றம் அல்ல இது. கல்லீரல், சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது, தொற்று குறைந்தது, கடுமையான ஜிவிஹெச்டி குறைந்தது என்று பல சிறிய வெற்றிகளின் கூட்டுத்தொகை. 2012 இறுதியில், சொந்த ஸ்டெம் செல்லைத் திருப்பி ஏற்றும் வகையையும் சேர்த்து, உலகில் இந்தச் சிகிச்சையின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டது.

1957-ல் இறந்த ஆறு பேரும், 1977-ன் கணக்கில் வராமல் போன 87 பேரும் தங்களுக்குத் தெரியாமலே ஒரு பாடப்புத்தகம் எழுதிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து வந்த வரிகள்தான் இன்றைய நோயாளியின் கையிலுள்ள காகிதத்தில் இருக்கின்றன. நூறு நாள் முகமூடி போட்டுக்கொண்டு வாசலுக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருப்பது சிறைவாசம் போலத் தோன்றலாம். ஆனால் அது சிறை அல்ல, காவல். புதிய காவல்காரன் வேலை கற்று முடிக்கும் வரை அந்தக் காவலை நோயாளியும், வீட்டாரும், நலம் விசாரிக்க வரும் நாமும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும்.